தள்ளுபடியில் ஒரு கியர் சைக்கிள்



போசரியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் எழுதிய கடிதம் என் மேஜையின்மேல் இருக்கிறது. மிதிவண்டியைக் குறித்து இந்தப் பகுதிக்கு வந்த முதல் கடிதம் இதுவே. ஆயினும் இது ஒரு வீட்டின் சமாதானத்தைத் தொட்ட காரியமாயிருக்கிறது. மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் பிழைக்க வந்திருக்கிற உங்களில் பலருடைய வீடுகளிலும் இதே கேள்வி எழுந்திருக்கக்கூடும். ஆகவே இம்மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

சகோதரியின் மகனுக்கு வயது 23. நாசிக் சாலையிலுள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை. போகவர 18 கிலோமீட்டர். பேருந்துக்காகக் காத்து நின்று சலித்துப்போனவன், தன் சம்பளத்தில் சிறுகச் சிறுக 32,000 ரூபாய் சேர்த்திருக்கிறான். அதில் 5,000 ரூபாயை ஜூன் மாதத்தில் தங்கையின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்குத் தருவதாக வாக்களித்திருக்கிறான். இப்போது ஒரு கடையில் 28,000 ரூபாய் விலையுள்ள மவுண்டன் பைக்கை 40 சதவீதத் தள்ளுபடியில் 16,800 ரூபாய்க்குத் தருகிறார்கள். அதை வாங்க வேண்டுமென்று துடிக்கிறான். அதோடு நின்றிருந்தால் அந்தத் தாய் எனக்கு எழுதியிருக்கமாட்டார். வண்டியை வாங்கியதும் அதில் எவற்றையெல்லாம் மாற்ற வேண்டும் என்று அவன் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறான். காற்று அழுத்தத்தில் இயங்கும் முன்பக்க ஃபோர்க் 14,000; ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் 6,500; பத்துப் பல்சக்கரங்கள் கொண்ட புதிய கியர் தொகுதி 9,500. ஆக, வண்டியின் விலை 16,800. மாற்றங்களின் விலை 30,000.

"வாங்குவதற்கு முன்பே மாற்றுவதற்குப் பட்டியல் எதற்கு? அப்படியானால் அது நல்ல வண்டி இல்லையா?" என்று தாய் கேட்டிருக்கிறார். மகன் கோபித்துக்கொண்டான். பற்றாக்குறைக்குத் தவணையில் கடன் வாங்கிக்கொள்வேன் என்றும் சொல்லியிருக்கிறான். மூன்று வாரங்களாக இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

சகோதரியே, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஆகிலும் உங்கள் மகன் செய்ய நினைப்பதும் மூடத்தனம் அல்ல. இந்த மவுண்டன் பைக் என்பதே அப்படித்தான் பிறந்தது.

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டமல்பையஸ் மலையைச் சுற்றியுள்ள மரின் என்னும் மாவட்டத்தில், வாலிபர்கள் சிலர் 1930-களிலும் 40-களிலும் செய்யப்பட்ட பழைய, கனத்த, பருத்த டயர் கொண்ட மிதிவண்டிகளை மலிவாக வாங்கினார்கள். எங்கெங்கிருந்தோ கியர்களைக் கழற்றிப் பூட்டினார்கள். டிரம் பிரேக்குகளையும் மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளையும் பொருத்தினார்கள். அவற்றில் ஏறி மலைப்பாதைகளில் இறங்கினார்கள். அங்கே 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்துக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் சரிகிற ஒரு மண்பாதை உண்டு. அதில் 1976-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதலாம் பந்தயம் நடந்தது. பின்சக்கரத்துக்குள் இருக்கும் பழைய பிரேக், கீழே வந்து சேருமுன் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் முழுவதும் புகைந்து போய்விடுமாம். ஒவ்வொரு முறையும் அதைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயராயிற்று.

இதில் உங்கள் மகன் கவனிக்க வேண்டிய பகுதி அடுத்தது. எத்தனை உறுப்புகளை மாற்றினாலும் அந்தப் பழைய சட்டங்கள் அடிமேல் அடி தாங்காமல் வளைந்தன, முறிந்தன. ஆகவே 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு சட்டத்தை வடிவமைத்துக் கட்டினார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் இதையே தொழிலாக்கினார்கள். டாம் ரிச்சி அவர்களுக்குச் சட்டங்கள் செய்து கொடுத்தார். 1981-இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டி தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. மாற்றி மாற்றிப் பார்த்தவர்களே கடைசியில் சட்டத்தில் வந்து நின்றார்கள்.

ஆதலால் தம்பி, இனி உன்னோடே பேசுகிறேன். உன் அம்மா இதை உனக்கு வாசித்துக் காட்டுவார், அல்லது நீயே எடுத்து வாசிப்பாய்.

மிதிவண்டியில் பின்னால் மாற்ற முடியாதது ஒன்றே ஒன்று: சட்டம். மற்றெல்லாம் திருகாணியில் நிற்பவை. தள்ளுபடி விலையில் வண்டி வாங்குகிறவர்கள் முதலில் பிரேக்கையும் கியரையும் பார்க்கிறார்கள். சட்டத்தின் அளவைக் கடைசியில் பார்க்கிறார்கள். தள்ளுபடி ஏன் வருகிறது? பெரும்பாலும் புதிய ஆண்டின் மாதிரி வந்துவிட்டதால். அல்லது, எல்லாரும் வாங்கும் நடுத்தர அளவுகள் விற்றுப்போய், மிகச் சிறியதும் மிகப் பெரியதும் தங்கிவிட்டதால். முதலாவது காரணம் உனக்கு லாபம். இரண்டாவது காரணம் உன் முதுகெலும்புக்கு நஷ்டம்.

அளவு பார்ப்பது கடினமல்ல. வண்டியின் நடுக்கம்பிக்கு இருபுறமும் கால்களை ஊன்றி, பாதங்கள் தரையில் முழுதும் படிய நில். கம்பிக்கும் உன் உடலுக்கும் இடையில் குறைந்தது இரண்டு அங்குல இடைவெளி வேண்டும். பின்பு சீட்டில் உட்கார்ந்து ஒரு பெடலை முற்றிலும் கீழே கொண்டுவா. முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடிக்கையில் முழங்கை விறைத்து நீளவும் கூடாது. வளைவில் திரும்பும்போது கைப்பிடி முழங்காலில் இடிக்கவும் கூடாது. சட்டம் சிறியதாயிருந்தால் சீட் கம்பியை உயர்த்தித் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லுவார். உயரத்தை அது சரிசெய்யும். சீட்டுக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள நீளத்தை அது சரிசெய்யாது. அந்தக் குறையோடு நாளொன்றுக்கு 18 கிலோமீட்டர் ஓட்டினால் தோளும் மணிக்கட்டும் ஒரே மாதத்தில் அழத் தொடங்கும்.

சக்கரத்தின் அளவையும் கேள். 26 அங்குலமா, 27.5-ஆ, 29-ஆ? 26 அங்குல டயரும் டியூபும் நம் நாட்டில் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். ஆனால் அந்த அளவுக்கு நல்ல தரமான ஃபோர்க்குகளும் மலைப்பாதை டயர்களும் குறைந்துகொண்டே வருகின்றன. மாற்றம் செய்யும் ஆசையுள்ளவனுக்கு 27.5 அல்லது 29 நல்லது. வேலைக்குப் போய்வரத்தான் என்றால் 26-ஐ ஒதுக்கித் தள்ளவேண்டிய அவசியமில்லை.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். அதை நான் இரண்டு முறை வாசித்தேன். அதில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. ஆனால் அவை இழுத்துக்கொண்டு வரும் மற்ற உறுப்புகள் இல்லை.

கியரை முதலில் எடுத்துக்கொள்வோம். நீ வாங்க நினைக்கிற வண்டியில் முன்னே மூன்றும் பின்னே ஏழும் ஆக 21 கியர் என்று அம்மா எழுதியிருக்கிறார். இந்த விலையில் ஏழு பல்சக்கரமுள்ள வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கர ஹப்பின்மேல் மரைபோட்டுத் திருகப்பட்ட ஃப்ரீவீல்தான் இருக்கும். நீ குறித்திருக்கும் பத்துப் பல்சக்கரத் தொகுதிக்கோ கேசட் என்று பெயர். அது திருகுவதல்ல, ஹப்போடு சேர்ந்தே வரும் ஒரு வரிப்பள்ள உருளையின்மேல் செருகுவது. அந்த உருளை உன் ஹப்பில் இல்லாவிட்டால் பின்சக்கரத்தையே மாற்றியாக வேண்டும். அதற்கு ஏறக்குறைய 5,000 ரூபாய் ஆகும் என்று இங்கே ஒரு கடையில் சொன்னார்கள். பட்டியல் 35,000 ஆயிற்று. வண்டியையும் சேர்த்தால் 51,800.

இத்தனையும் எதற்காக? மேட்டில் எளிதாய் ஏறுவதற்காக. அப்படியானால் கணக்குப் பார்ப்போம். இத்தகைய வண்டிகளில் வழக்கமாக முன்பக்கச் சிறிய பல்சக்கரத்துக்கு 24 பற்கள், பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பற்கள். 24-ஐ 28-ஆல் வகுத்தால் 0.86. அதாவது பெடல் ஒரு முறை சுற்றினால் சக்கரம் முக்காலே அரைக்கால் சுற்றுக்கு ஒரு மயிரிழை குறைவாகச் சுற்றும், 27.5 அங்குலச் சக்கரமானால் வண்டி சுமார் 1.84 மீட்டர் நகரும். உன் புதிய தொகுதியில் முன்னே ஒன்றே ஒன்று, 32 பற்கள். பின்னே பெரியது 42. வகுத்தால் 0.76; வண்டி 1.64 மீட்டர் நகரும். குறைய நகர்ந்தால் ஏறுவது எளிது, ஆகவே லாபந்தான். ஆனால் பின்னே 34 பற்கள் வரை உள்ள ஏழு பல்சக்கர ஃப்ரீவீல் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. இப்போதுள்ளதைத் திருகிக் கழற்றிவிட்டு அதே இடத்தில் திருகிவிடலாம். 24-ஐ 34-ஆல் வகுத்துப் பார். 0.71, வண்டி 1.52 மீட்டர் நகரும். பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் செலவழித்து நீ அடையப்போகிற கியரைவிட இது எளிதானது! செயினைச் சற்று நீளமானதாய் மாற்ற வேண்டியிருக்கும். பின்பக்கக் கியர் மாற்றும் கருவி 34 பற்களைத் தாங்குமா என்று அதன் மாதிரி எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் என்றார்கள்.

இதற்கு நீ மறுமொழி சொல்லுவாய் என்பதை அறிவேன். முன்னே ஒரே பல்சக்கரம் என்றால் செயின் கழலாது, ஒரே கையால் மாற்றலாம், கரடுமுரடான பாதையில் அதுவே சிறந்தது. உண்மைதான். ஆனால் நாசிக் சாலை கரடுமுரடானதாயிருப்பது குழிகளினால். குழிக்கு மருந்து கேசட் அல்ல.

ஷிமானோ நிறுவனத்தின் கியர்களில் டூர்னி, ஆல்டஸ், அசெரா, அலிவியோ, டியோர் என்று படிகள் உண்டு. அதற்கும் மேலே எக்ஸ்.டி., எக்ஸ்.டி.ஆர். வரை போகலாம். 2023-இல் அந்த நிறுவனம் கீழ்ப்படிகளை ஒன்றாக்கி 'கியூஸ்' என்ற புதிய வரிசையைக் கொண்டுவந்தது. பழைய வரிசையின் கைப்பிடியும் புதிய வரிசையின் பின்கருவியும் ஒன்றோடொன்று இசையும் என்று எண்ணிவிடாதே. தள்ளுபடியில் தனித்தனியே பொறுக்கி வாங்குகிறவர்கள் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு நல்ல உறுப்பும் இன்னொரு நல்ல உறுப்பும் சேர்ந்து வேலை செய்யாத வண்டியை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது பிரேக். இதில் நான் உன் பக்கம். உன் பட்டியலில் ஒன்றை மாத்திரம் அனுமதிக்கச் சொன்னால் ஹைட்ராலிக் பிரேக்கையே சொல்லுவேன். விரல் ஒன்றால் பிடித்தாலும் நிற்கும். பேட் தேயத் தேயத் தானாகவே நெருங்கிக்கொள்ளும். மழைக்காலச் சேற்றில் கம்பி துருப்பிடித்து இறுகும் தொல்லை இல்லை. ஆனாலும் இங்கும் மறைந்திருக்கும் செலவு உண்டு. மலிவான வண்டிகளில் பிரேக் பிடியும் கியர் மாற்றும் பிடியும் ஒரே துண்டாக இருக்கும். பிரேக்கை மாற்றினால் கியர் பிடிகளையும் தனியாக வாங்க வேண்டும். இதைக் கடைக்காரர் முதலிலேயே சொல்லுவதில்லை. மேலும், ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். வேறு சில பிரேக்குகளுக்கு மோட்டார் வாகனங்களில் ஊற்றும் டாட் திரவம். ஒன்றுக்கு ஒன்றை ஊற்றினால் உள்ளேயிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகும். தெருவோரத்தில் பழுது பார்க்கிறவரிடம் விடும்போது இதை நீயே சொல்ல வேண்டும்.

கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக் என்றாலே மோசம் என்று வாலிபர்கள் பேசிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கத்துப் பேட் மாத்திரமே நகரும்; மறுபக்கத்தது அசையாமல் நிற்கும். தேய்மானத்துக்கேற்ப நாமேதான் அதைத் திருகி உள்ளே தள்ள வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று பிரேக்கையே தூக்கியெறிகிறார்கள். நல்ல கம்பி, நல்ல உறை, புதிய பேட், ஒழுங்கான சீரமைப்பு இவை இருந்தால் சாலையில் ஓடும் வண்டிக்கு அது போதுமானது. பேட் வாங்கும்போது வட்டத்தகட்டில் என்ன பொறித்திருக்கிறது என்று பார். ரெசின் பேட் மாத்திரமே போடலாம் என்று எழுதியிருக்கும் தகட்டில் உலோகம் கலந்த பேட்டைப் போட்டால் தகடு தேய்ந்துபோகும்.

இந்த இடத்தில் என் காரியம் ஒன்றைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. 2011-ஆம் ஆண்டில் நானும் தள்ளுபடியில் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். வாங்கிய வாரமே மேலான சீட்டும் பளபளப்பான பெடல்களும் மாட்டினேன். பிரேக்கை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கத்ரஜ் கணவாயின் பழைய பாதையில் இறங்கிக்கொண்டிருக்கையில் முன்பக்க பிரேக் பிடி ஒரே அழுத்தத்தில் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டது. கம்பியை இறுக்கும் சிறு திருகாணியைக் கடையில் பாதிதான் முடுக்கியிருந்தார்கள். எதிரே ஒரு லாரி. நான் மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியைச் செலுத்தி விழுந்தேன். முழங்காலில் ஏழு தையல். லாரி ஓட்டுநர் இறங்கிவந்து என்னைத் தூக்கினபோது, அந்தப் புதிய சீட் சிறு கீறலும் இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. அது இன்றும் நினைவிலிருக்கிறது.

ஆகவே தள்ளுபடி வண்டிக்குச் செய்யவேண்டிய முதலாம் மாற்றம் எந்த உறுப்பும் அல்ல. கைதேர்ந்த ஒரு மெக்கானிக்கிடம் 500 ரூபாய் கொடுத்து எல்லாத் திருகாணிகளையும் பிரித்து முடுக்கச் சொல். தள்ளுபடி நாட்களில் கடைகளில் கூட்டம். பெட்டியிலிருந்து எடுத்து அவசரத்தில் பூட்டுகிறார்கள். இரண்டு சக்கரங்களிலும் பெண்டு இருக்கிறதா, ஸ்போக்ஸ் எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா, ஹப்பைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா, காட்சிக்கு நின்ற வண்டியானால் வெயிலில் டயர் வெடித்திருக்கிறதா, பின்பக்கக் கியர் தொங்கும் சிறு துண்டு எங்காவது இடிபட்டு உள்ளே வளைந்திருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். பெடலை நீ மாற்றுவதானால் இடதுபக்கத்துப் பெடலின் மரை எதிர்ப்புறமாய்த் திரும்பும் என்பதை நினைவில் வை. இதை அறியாமல் வலுவாய்த் திருகிக் கிராங்கின் மரையை அழித்தவர்கள் பலர். சட்டத்தின் அடியில் பொறித்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, பில்லை அம்மாவிடம் கொடுத்து வை.

ஃபோர்க்கைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அந்த 14,000 ரூபாயை நீ செலவழிக்கக் கூடாது. மலிவான சட்டங்களில் முன்கழுத்துக் குழாய் மேலும் கீழும் ஒரே பருமனாயிருக்கும். இன்றைய நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றின் தண்டு அடியில் பருத்தது. அந்தக் குழாய்க்குள் நுழையாது. அவற்றின் அச்சும் 15 மில்லிமீட்டர் பருமனுள்ளது. உன் முன்சக்கர ஹப்பில் 9 மில்லிமீட்டர் அச்சு. பொருந்துகிற சிலவற்றில் ஒன்றைத் தேடிப் பிடித்தாலும், 80 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்குக்காகச் செய்த சட்டத்தில் 120 மில்லிமீட்டர் அமுங்குவதை மாட்டினால் வண்டியின் முகம் மேலே எழும்பி, கழுத்தின் சாய்வு ஏறக்குறைய இரண்டு பாகை மாறி, மேடு ஏறும்போது முன்சக்கரம் அலையும். சட்டத்தின் உத்தரவாதமும் போய்விடக்கூடும். தார்ச்சாலைக்கு இவை எதுவும் வேண்டுவதில்லை.

கோபுரம் கட்டப் புறப்பட்டவனைப் பற்றிய உவமையை நீ ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறாய். அதை நான் விவரிக்கவில்லை. 51,800 ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், காற்று ஃபோர்க்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் முன்னே ஒரே பல்சக்கரமும் தொழிற்சாலையிலேயே பூட்டி, அதற்கேற்ற சட்டத்தோடு கூடிய முழு வண்டியே கிடைக்கும். வண்டி செய்கிறவர்கள் உறுப்புகளை ஆயிரக்கணக்கில் மொத்தமாய் வாங்குகிறார்கள். நீயோ ஒவ்வொன்றாய்ச் சில்லறையில் வாங்குகிறாய். மலிவான வண்டியை உறுப்பு உறுப்பாய் மாற்றி உயர்ந்த வண்டியாக்கியவன் இரண்டு வண்டிகளின் விலையைக் கொடுத்திருப்பான். கழற்றிப்போட்ட உறுப்புகளைக் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருப்பான்.

அப்படியானால் எதை மாற்றலாம்? டயரை. இந்த வண்டிகளோடு வரும் முரட்டுக் கட்டைகள் உள்ள டயர் மண்ணுக்கானது. தாரில் அது இரைந்துகொண்டே உன் பலத்தை உறிஞ்சும். நடுவில் வழவழப்பான, சற்றுக் குறுகலான சாலை டயர் ஒரு ஜோடி 1,800 ரூபாய். எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று அதன் பக்கச்சுவரிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த எல்லைக்குள் உன் எடைக்குத் தக்கபடி அடித்துக்கொள். காலில் ஒரு பாரத்தை அவிழ்த்துவிட்டதுபோல் இருக்கும். பிரேக் பேட், கம்பி, உறை 900. சீட்டும் கைப்பிடி உறையும் 1,000, அதுவும் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து உறுத்தினால் மாத்திரம். நான் மேலே சொன்ன ஃப்ரீவீலும் செயினும் 1,200.

உன் பட்டியலில் இல்லாத வேறொன்றும் இருக்கிறது. ஹெல்மெட் 1,500. முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்குகள் 800. பூட்டு 600. மட்கார்டு 400. மவுண்டன் பைக்கோடு இவை வருவதில்லை. இரவுப் பணி முடிந்து கனரக லாரிகள் ஓடும் சாலையில் திரும்பிவருகிறவன் தன் பட்டியலில் விளக்கை எழுத மறந்திருக்கிறான்! உன் அம்மாவுக்கு உறக்கம் வராததன் காரணம் இந்த வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எல்லாம் சேர்த்து, மெக்கானிக்கின் கூலியையும் கூட்டினால் 8,700 ரூபாய். வண்டியோடு 25,500. தவணைக் கடன் தேவையில்லை.

இவற்றை ஓட்டி ஓட்டித் தேய்ந்த பின் மாற்று. அதுவே சிக்கனமான மேம்பாடு. செயின் எப்போது தேய்ந்தது என்று அறிய ஒரு அடி ஸ்கேல் போதும். புதிய செயினில் ஒரு ஊசியின் நடுவிலிருந்து 24-ஆம் கண்ணியின் முடிவிலுள்ள ஊசியின் நடுவரை சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலத்துக்கு மேல் பதினாறில் ஒரு பங்கு நீண்டால் செயினை மாற்று. எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பல்சக்கரங்களும் அதோடு போயிருக்கும். புனேயின் மழைக்காலத்தில் வாரம் இருமுறை துணியால் துடைத்து எண்ணெய் விடு. மேலே வழியும் எண்ணெயைத் துடைத்துவிடு. இல்லாவிட்டால் மணலை அதுவே ஒட்டவைத்துக்கொள்ளும்.

சகோதரியே, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், அவனுடைய நண்பர்கள் ஞாயிறு காலையில் சிங்ககட் மலைக்குச் சவாரி போகிறார்கள் என்று எழுதி, இரண்டு கேள்விக்குறிகள் போட்டிருக்கிறீர்கள். அதற்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதமாட்டேன். அவன் வாசிக்கிற இடத்தில் அவனைக் குறித்து அதைப் பேசுவது நியாயமல்ல. நேரில் வருகிறேன்.

இம்மட்டும் எழுதி அச்சுக்குக் கொடுக்க இருந்த நாளில் அந்தத் தம்பியே எனக்குத் தொலைபேசியில் பேசினான். அளவைப் பார் என்று முன்னமே அவனுக்குச் சொல்லியனுப்பியிருந்தேன். கடைக்குப் போய் நடுக்கம்பியைக் கடந்து நின்று பார்த்திருக்கிறான். 40 சதவீதத் தள்ளுபடியில் மீந்திருந்தது ஒரே ஒரு வண்டி, 15 அங்குலச் சட்டம். அவனுடைய உயரமோ ஐந்து அடி பத்து அங்குலம். திரும்பும்போது கைப்பிடி முழங்காலில் இடித்ததாம். சீட் கம்பியை உயர்த்தித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாராம். "நீங்கள் சொன்ன அதே வார்த்தை, ஐயா" என்று சிரித்தான்.

கிர்க்கியில் வேறொரு கடையில் அதே மாதிரி வண்டி 18 அங்குலச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தள்ளுபடி 30 சதவீதமே, விலை 19,600. வாங்கலாமா என்று கேட்டான். இருவருமாகத் தொலைபேசியிலேயே கணக்குப் போட்டோம். 2,800 கூடுவதால் மொத்தம் 28,300. கையில் மீதி 3,700. தங்கைக்குச் சொன்ன 5,000-க்கு 1,300 குறைகிறது. நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவனே, "டயரை இப்போது விட்டுவிடுகிறேன் ஐயா, ஜூலைச் சம்பளத்தில் வாங்கிக்கொள்கிறேன்" என்றான். அப்போது மீதி 5,500. வரும் சனிக்கிழமை வாங்கப் போகிறான். அம்மாவும் உடன் வருகிறாராம்.